கிள்ளான் ஆற்றங்கரையில் சர்க்கார் பணம்

தீயோ வெள்ளமோ ஓர் ஊரைக் குலைத்துப் போட்ட மறுநாள், சர்க்கார் தன் கஜானாவைத் திறந்து எதை முதலில் நிமிர்த்த முற்படுகிறது என்று கூர்ந்து பார்த்தால், அது எதைத் தன் ஜீவநாடியாக எண்ணியிருந்தது என்பதும், யாரைத் தன் பொறுப்பிலுள்ள ஜனங்களாகக் கருதியிருந்தது என்பதும், சட்டப் புத்தகங்களைப் புரட்டுவதைக் காட்டிலும் தெளிவாகப் புலப்பட்டுவிடும். கோலாலம்பூரையும் கிள்ளான் பள்ளத்தாக்கையும் போல இந்த உண்மைக்குச் சாட்சி சொல்லக்கூடிய பிரதேசங்கள் அதிகமில்லை. ஏனெனில், இந்தத் தலைநகரத்தின் சரித்திரமே அழிவுக்கும் சீரமைப்புக்கும் இடையே மாறி மாறி எழுதப்பட்டதாகும்.

1857-ஆம் ஆண்டு வாக்கில் ஈயம் தேடி வந்த சீனச் சுரங்கத் தொழிலாளர்கள், கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றோடு கலக்கும் சேற்று முனையில் இறங்கிக் குடியேறியபோது, அவ்விடம் ஒரு நாள் தலைநகரமாகும் என்று எவரும் எண்ணியிருக்க முடியாது. பலகைச் சுவரும் மண் சுவரும் அத்தாப்புக் கூரையுமாக நெருக்கியடித்து நின்ற அந்தச் சந்தை ஊருக்கு, 1880-இல் கிள்ளானிலிருந்து சிலாங்கூரின் நிர்வாகத் தலைமையிடம் மாற்றப்பட்டது. மாற்றி ஓராண்டு நிறைவதற்குள், 1881 ஜனவரியில், தீப்பற்றி ஊரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் ஆறு கரைபுரண்டு, தீக்குத் தப்பியவற்றையும் தீக்குப் பின் அவசரமாக எழுப்பப்பட்டவற்றையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிற்று. கூரை தீக்கு இரையாகவும் மண் சுவர் நீருக்கு இரையாகவும் இருந்த ஊர், ஒரே ஆண்டில் இரண்டு பூதங்களுக்கும் பலியானது.

1882-இல் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் கண்ட பரிகாரம், இனிக் கட்டிடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டவேண்டும் என்ற கட்டளையே. ஊரின் சீனக் கப்பித்தானாக இருந்த யாப் ஆ லோய் நகரத்துக்குத் தெற்கே ஆற்றை ஒட்டிய நிலத்தில் செங்கல் சூளைகளை ஏற்படுத்தினார். களிமண்ணை வெட்டி, நீர் விட்டு மிதித்துப் பதமாக்கி, அச்சில் அறைந்து, வெயிலில் உலர்த்தி, சூளையில் அடுக்கி விறகிட்டுச் சுட்ட அந்தக் கற்கள்தாம் புதிய கோலாலம்பூரின் கடைவீதிகளாக எழுந்தன. சூளைகள் இருந்த இடமே இன்று நாம் பிரிக்ஃபீல்ட்ஸ் என்று அழைப்பது. தமிழர் தெருவாகவும் கோயில் தெருவாகவும் பூமாலைக் கடைகளின் தெருவாகவும் நாம் அறிந்த அந்தப் பகுதி, ஆதியில் ஒரு பேரழிவின் சீரமைப்புப் பட்டறையாகவே இருந்தது. ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும்: கட்டளை சர்க்காருடையது, செலவோ பெரும்பாலும் வீட்டுக்கும் கடைக்கும் உரியவர்களுடையது. எரிந்துபோன குடிசையின் சொந்தக்காரனுக்குச் சகாயம் செய்வது அரசாங்கத்தின் கடமை என்ற எண்ணம் அக்காலத்து நிர்வாகத்தில் இன்னும் முளைவிடவில்லை.

சர்க்கார் தன் பணத்தைத் தாராளமாகப் போட்ட இடம் இருப்புப் பாதை. 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகேயுள்ள புக்கிட் கூடாவரை ரயில் ஓடத் தொடங்கியது. 1890-இல் ஆற்றைக் கடந்து கிள்ளானை எட்டியது. ஈயம் துறைமுகத்தை அடையவேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். ஆகையால், மழைக்காலத்தில் கரை சரிந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கும்போதெல்லாம், ஜல்லியும் கட்டையும் ஆட்களும் தாமதமின்றி அங்கே அனுப்பப்பட்டார்கள். அந்த ஆட்களில் மிகப் பலர் தமிழர். பாதை பழுது பார்த்தவர்களும், சாலை போட்டவர்களும், 1890-இல் ஏற்பட்ட சுகாதார வாரியத்தின் கீழ்ச் சாக்கடை வாரியவர்களும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளிகள். கணக்கெழுதியவர்களிலும் ஸ்டேஷன் மாஸ்டர்களிலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் அநேகர். இவர்களுக்காகவே பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸ்கள் வரிசை வரிசையாக எழுந்தன. இயற்கையின் சீற்றத்துக்குப் பின் ஊரின் இயக்கத்தை மீட்டுக் கொடுத்த கைகள் இவர்களுடையவை. மீட்புச் செலவின் கணக்கில் இவர்கள் கூலி என்ற தலைப்பின் கீழ் வந்தார்களேயன்றி, நஷ்டம் அடைந்தவர்கள் என்ற தலைப்பின் கீழ் வந்ததில்லை.

சர்க்காரின் பார்வை ஒரு படி விரிந்த சந்தர்ப்பம் கிள்ளானில் நேர்ந்தது. அதற்குக் காரணம் வெள்ளமுமன்று தீயுமன்று, காய்ச்சல். 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற புதிய துறைமுகம், இன்றைய போர்ட் கிள்ளான், சதுப்புக் காட்டை வெட்டித் திருத்திய நிலத்தில் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களுக்குள் மலேரியா பரவி, கப்பலில் சரக்கேற்றும் தொழிலாளிகளும் ரயில்வே சிப்பந்திகளும் உத்தியோகஸ்தர்களும் பாயும் படுக்கையுமானார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற யோசனைவரை விஷயம் முற்றியது. அப்போது கிள்ளானில் மாவட்ட வைத்தியராக இருந்தவர் மால்கம் வாட்சன். கொசுவே மலேரியாவைச் சுமக்கிறது என்பதை ரொனால்ட் ராஸ் சிக்கந்தராபாத்தில் நிரூபித்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரிய பெரிய வைத்தியர்களே இன்னும் சந்தேகத்தில் ஆழ்ந்திருந்த அந்த நாளில், ஆஸ்பத்திரிக் கட்டில்களைப் பெருக்குவதைவிட ஊருக்குள் தேங்கி நிற்கும் நீரை வடிப்பதற்கே பணம் வேண்டும் என்று வாட்சன் வாதாடி, அதில் வெற்றியும் பெற்றார்.

கிள்ளான் பட்டணத்தைச் சூழ்ந்த சேற்று நிலங்களில் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன, புதர்க்காடுகள் அழிக்கப்பட்டன, துறைமுகத்தில் கடலின் ஏற்றநீர் உள்ளே புகாதபடி மண் அணை எழுப்பி, உள்ளே தேங்கியது வடிக்கப்பட்டது. மண்வெட்டியும் கூடையுமாக அந்தச் சேற்றில் இறங்கியவர்களும் தொழிலாளிகளே. பலன் கைமேல் கிடைத்தது: கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சலால் 1901-இல் 368 பேர் மாண்டதாகப் பதிவாகியிருக்க, 1902-இல் அந்த எண்ணிக்கை 59 ஆகக் குறைந்தது. ஒரு விபத்துக்குப் பிறகு செலவிட்ட பொதுப்பணம், விழுந்ததை நிமிர்த்தியதோடு நில்லாமல், விழச் செய்த காரணத்தையே தேடிப் பிடித்துத் தீர்த்துக் கட்டிய உதாரணம் இந்தப் பள்ளத்தாக்கின் சரித்திரத்தில் இதைவிடச் சிறந்தது வேறில்லை. வர்த்தகம் நின்றுவிடுமே என்ற கவலைதான் கஜானாவைத் திறந்தது என்று சொல்லலாம், அது மெய்யே. ஆனால் வடிகாலுக்கு வர்த்தகனும் கூலியாளும் ஒன்றுதான். அது வெட்டப்பட்ட பின் இரு சாராரும் பிழைத்தார்கள்.

1926 டிசம்பரில் தீபகற்பம் முழுவதையும் உலுக்கிய பெருவெள்ளம் கோலாலம்பூரின் மத்தியப் பகுதியையும் மூழ்கடித்தது. அதன் பிறகு சர்க்காரின் கவனம் தெருவிலிருந்தும் தண்டவாளத்திலிருந்தும் ஆற்றின் மேலேயே திரும்பியது. வளைந்து நெளிந்து ஓடிய கிள்ளான் ஆற்றை நகரப் பகுதியில் நேராக்கிக் கரை உயர்த்தும் பணி தொடங்கியது. 1932-இல் நீர்ப்பாசன வடிகால் இலாகா தனியாக ஸ்தாபிக்கப்பட்டது. வெள்ளத்தை வந்துபோகும் விருந்தாளியாக எண்ணிய காலம் போய், வருஷா வருஷம் பட்ஜெட்டில் இடம்பெறவேண்டிய நிரந்தரச் செலவினமாக எண்ணும் காலம் அப்போதுதான் பிறந்தது.

நாடு சுதந்திரம் அடைந்தபின் வந்த முதல் பெரும் பரீட்சை 1971 ஜனவரி. நாட்கணக்கில் இடைவிடாது பெய்த மழையால் கிள்ளான், கோம்பாக், பத்து என்னும் ஆறுகள் ஒருசேரப் பெருகித் தலைநகரின் தாழ்ந்த பகுதிகளை விழுங்கின. கோலாலம்பூரில் 32 பேர் உயிரிழந்தனர், 180,000 பேர் பாதிக்கப்பட்டனர். 1969 மே கலவரத்துக்குப் பிறகு நிறுத்தி வைக்கப்பட்ட பாராளுமன்றம் இன்னும் கூடியிராத சமயம் அது. நான்கு மாதங்களுக்கு முன் பிரதமராகியிருந்த துன் அப்துல் ரசாக், இதைத் தேசிய விபத்தென்று பிரகடனம் செய்தார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே நிரந்தர வெள்ளத் தடுப்புக் கமிஷன் ஏற்பட்டது. பத்து ஆற்றின் அணை 1987-இல் முடிந்தது, 2007-இல் 9.7 கிலோமீட்டர் நீளத்தில் ஸ்மார்ட் சுரங்கம் திறக்கப்பட்டு, மழை குறைந்த நாளில் வாகனத்துக்கும், கொட்டும் நாளில் வெள்ளத்துக்கும் வழிவிடுகிறது.

இதற்கிடையே, 1993 டிசம்பர் 11-இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் மாடிக் குடியிருப்பின் ஒரு கட்டிடம் மலைச்சரிவோடு சாய்ந்து 48 உயிர்களைக் கொண்டு போனது. எந்த இலாகா எதற்குப் பொறுப்பு என்ற குழப்பத்தைத் தீர்க்க 1997-இல் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20-ஆம் எண் உத்தரவு பிறந்தது. 2015 அக்டோபரில் நட்மா என்னும் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் ஏற்பட்டது. தேசியப் பேரிடர் உதவி அறநிதியின் பணம் இன்று அதன் வழியாகத்தான் ஜனங்களை அடைகிறது.

2021 டிசம்பர் 18-ஆம் தேதி வந்த வெள்ளத்தில் இத்தனை ஏற்பாடுகளும் சோதனைக்கு உள்ளாயின. ஷா ஆலமில் கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் அமைந்த தாமான் ஸ்ரீ மூடாவில், ஜனங்கள் கூரை மேலும் மாடியிலும் ஏறி நின்று படகுக்குக் காத்திருந்தார்கள். சர்க்கார் படகு வருமுன் தனியார் படகுகள் வந்தன. கோயில்களும் குருத்வாராக்களும் மசூதிகளும் சோறு சமைத்து அனுப்பின. மீட்புப் பணியில் குறைகள் இருந்ததை அப்போதைய பிரதமர் இஸ்மாயில் சப்ரியே மறுக்கவில்லை. நீர் வடிந்தபோது, சுவரில் ஆளுயரத்துக்குப் பழுப்புக் கோடு. வாசலில் மெத்தை, சோபா, குளிர்பதனப் பெட்டி, பிள்ளைகளின் பாடப்புத்தகம் எல்லாம் சேறு பூசிய ஒரே குவியல். அதைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு மனுவுக்கு ஆதாரம் சேர்க்கும் குடும்பங்கள். வாங் இஹ்சான் என்னும் கருணைத் தொகை குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட். வீடு பழுதுபார்க்க 5,000 ரிங்கிட் வரை. உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 10,000 ரிங்கிட். 1881-இல் வீடிழந்தவனுக்குக் கட்டளை மட்டுமே கிடைத்ததென்பதை எண்ணிப் பார்த்தால், இது சிறிய மாற்றமன்று. ஆனால் புள்ளிவிவர இலாகாவின் மதிப்பீட்டின்படி அந்த வெள்ளத்தின் மொத்த நஷ்டம் 610 கோடி ரிங்கிட். அதில் சுமார் 200 கோடி பொதுச் சொத்துகளுக்கும் கட்டமைப்புக்கும், 160 கோடி குடியிருப்புகளுக்கும் நேர்ந்தது. சிலாங்கூரில் மட்டும் 310 கோடி.

இந்தக் கணக்கில், வீட்டுக்கும் இராஜபாட்டைக்கும் நடுவே ஓரமாக நிற்கும் பொது ஸ்தாபனங்கள் உண்டு. தமிழ்ப்பள்ளிகளில் அநேகம், நிலம் சர்க்காருக்குச் சொந்தமில்லாத காரணத்தால், பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகள் என்ற வகையில் வருபவை. ஆசிரியர் சம்பளம் கஜானாவிலிருந்து வந்தாலும், கட்டிடம் பழுதுபட்டால் பள்ளி மேலாளர் வாரியம் மனு எழுதவும் நன்கொடை திரட்டவும் புறப்படவேண்டியிருக்கிறது. கோயில் மண்டபத்தின் நிலையும் பெரிதும் அதுவே. வெள்ள நாளில் அகதிகளுக்கு இடமும் சோறும் தந்த மண்டபம் அத்தியாவசிய சேவையா, அல்லவா என்ற கேள்விக்கு, நனைந்தவர்கள் என்றோ விடை சொல்லிவிட்டார்கள். விதிமுறைகள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கின்றன.

உதவித்தொகை மானத்தோடு சில வாரங்களைக் கடக்க வழி செய்யும். அதைக் குறைத்துப் பேசுவது வயிறு நிறைந்தவர் பேச்சு. ஆயினும் குடும்பத்துக்கு ஆயிரம் கொடுத்துவிட்டு, அந்தத் தெருவின் நீரிறைக்கும் பம்பையும் மதகையும் பள்ளியையும் பழைய நிலையிலேயே விட்டுவைத்தால், அடுத்த மழைக்கு அதே குடும்பம் அதே வரிசையில் வந்து நிற்கும். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் கிள்ளானில் ஒரு வைத்தியர் கட்டில் கேட்காமல் வடிகால் கேட்டார், சர்க்காரும் கொடுத்தது, மறு ஆண்டே உயிர்கள் மிஞ்சின. விபத்துக்குப் பின் ஒதுக்கும் ஒவ்வொரு ரிங்கிட்டையும் அந்த அளவுகோலால் அளக்கவேண்டும் என்று கேட்க, இந்த ஊரைச் சேற்றிலிருந்து மேட்டுக்குக் கொண்டுவந்தவர்களின் சந்ததிக்குப் பூரண உரிமை உண்டு.