விழுப்புரம்–திண்டிவனம் பகுதியில் புவித்தட்டு எல்லைகளின் தடங்கள்

விழுப்புரமும் திண்டிவனமும் இந்தியப் புவித்தட்டின் நடுப்பகுதியில் இருக்கின்றன. தட்டு எல்லை எதுவும் அருகில் இல்லை. ஆனால் இவற்றுக்குக் கிழக்கேயுள்ள கடற்கரையே ஒரு தட்டுப் பிளவில் பிறந்ததுதான்.

செஞ்சிக் கோட்டையைத் தாங்கும் மலைப்பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. கோண்டுவானாப் பெருங்கண்டத்தில் இந்தப் பாறைத்தளம் அண்டார்க்டிகாவுடன் ஒட்டியிருந்தது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டும் விலகத் தொடங்கின. தட்டுகள் விலகும் இடத்தில் புவியின் மேலோடு இழுபட்டு மெலியும்; பிளவுகளையொட்டிப் படிப்படியாகக் கீழிறங்கும்; அந்தப் பள்ளத்தில் கடல் புகும். காவிரிப் படுகை உருவானது இப்படித்தான். வழுதாவூரைச் சுற்றிய வயல்வெளிகளில் சுமார் 7 கோடி ஆண்டுப் பழமையான சுண்ணாம்புப் பாறையும், அதில் சுருள் ஓடுடைய அம்மோனைட் புதைபடிவங்களும் கிடைக்கின்றன. இன்றைய கரையைத் தாண்டி உள்ளேயும் கடல் இருந்ததற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

விலகிய இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் யூரேசியத் தட்டுடன் மோதியதில் இமயம் எழுந்தது. இங்கோ கடல் பின்வாங்கியது. ஆறுகள் கொண்டுவந்த மணல் படிந்து கடலூர் மணற்கல்லாக இறுகியது. அந்த மணலில் புதைந்த மரங்களே திருவக்கரைக் கல்மரங்கள். வயது சுமார் 2 கோடி ஆண்டு. மரத்தின் திசுக்களில் சிலிக்கா ஊறி நிரம்பியதால் கணுக்களும் வளையங்களும்கூட அப்படியே கல்லில் தெரிகின்றன. கிளையும் வேரும் இல்லாமல் அடிமரங்கள் மட்டும் படுத்துக் கிடப்பதால், இவை வெள்ளத்தில் அடித்துவரப்பட்டவை என்று நிலவியலாளர்கள் கருதுகின்றனர்.

தொலைவில் இருக்கும் எல்லைகளும் இக்கரையை விட்டுவைக்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று, இந்தியத் தட்டு பர்மாத் தட்டின் அடியில் நுழையும் சுமத்ரா விளிம்பில் 9.1 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. சில மணி நேரத்தில் மரக்காணம் பகுதி மீனவ ஊர்களில் ஆழிப்பேரலை புகுந்தது. தட்டின் உள்ளேயும் நிலம் அதிரும்: 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் சுமார் 5.5 அளவு நிலநடுக்கம் பதிவானது. தட்டின் நடுப்பகுதி என்பதால் ஆபத்தே இல்லை என்று இருந்துவிட முடியாது.

திருவக்கரைக் கல்மரப் பூங்கா இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அறிவித்த தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். செல்பவர்கள் அங்கிருந்து ஒரு சில்லைக்கூட எடுத்துவரக் கூடாது.