படுக்கையை விட்டு எழுந்த வரலாறு

1868-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19-ஆம் நாள், பாரிஸ் மாநகரில், லூயி பாஸ்டரைப் பக்கவாதம் தாக்கியது. அன்று அவருக்கு வயது 45. இடக்கையும் இடக்காலும் செயலற்றுப் போயின. அவருக்கென எழுந்துகொண்டிருந்த புதிய ஆய்வுக்கூடத்தின் வேலையையும் அதிகாரிகள் நிறுத்திவிட்டனர். நோயாளி பிழைக்கமாட்டார் என்பது அவர்கள் கணக்கு. படுக்கையில் கிடந்தபடியே இதனை அறிந்த பாஸ்டர் பெரிதும் மனம் நொந்தார். பேரரசர் மூன்றாம் நெப்போலியன் தலையிட்டு வேலையைத் தொடரச் செய்தார். நடை தேறுவதற்கு முன்பே, 1869 சனவரியில், பட்டுப்புழுவின் நோயை ஆராயப் பாஸ்டர் தென்பிரான்சுக்குப் புறப்பட்டுவிட்டார். கையின் விறைப்பும் காலின் தளர்ச்சியும் இறுதிவரை நீங்கவில்லை. வெறிநாய்க்கடிக்கு 1885-இல் அவர் மருந்து கண்டது அந்தத் தளர்ந்த காலோடுதான். நம் குன்னூரில் 1907-இல் தோன்றிய பாஸ்டர் நிலையம் அவர் பெயரைத் தாங்கியதே.

பாஸ்டருக்கு வந்தது இலேசான நோயன்று. இலேசாக வந்து, கைகால் ஏறக்குறைய முன்போல் திரும்பப்பெற்றவர்கள் பலரோ, நாற்காலியிலேயே அமர்ந்துவிடுகின்றனர். ஏன்?

ஒரு காரணம் மருத்துவ வரலாற்றில் உள்ளது. ஓய்வே மருந்து என்பது 19-ஆம் நூற்றாண்டின் கொள்கை. ஜான் ஹில்டன் 1863-இல் வெளியிட்ட நூல் அதற்கு வலுவூட்டியது. 1947-இல் ரிச்சர்டு ஆஷர் என்னும் ஆங்கில மருத்துவர், படுக்கையே தசையை மெலிவித்து, குருதியை உறையச்செய்து, ஊக்கத்தையும் கெடுக்கும் என எச்சரித்தார். 1956-இல் தொடங்கிய சென்னைக் காசநோய் ஆய்வு, மருந்தை முறையாக உண்டால் வீட்டிலிருப்போரும் மருத்துவமனையில் படுத்திருப்போரைப் போலவே நலமடைவர் என 1959-இல் காட்டியது. நோய் வேறுதான், ஆயினும் கட்டிலின் ஆட்சி ஆட்டங்கண்டது நம் ஊரில் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே 1966-இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவ நிலையம் கண்டார். இதிலும் அளவு வேண்டும். நோய் தாக்கிய 24 மணிக்குள் மிகுதியாக நடக்கவைப்பது நன்மையைக் குறைக்கிறது என்று, 2,100-க்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2015-இல் உரைத்தது. ஆகவே எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்லவேண்டும்.

கொள்கை மாறிற்று, வீடுகள் இன்னும் முழுதும் மாறவில்லை. திருவள்ளூர் வட்டாரத்தையே காணுங்கள். விழுந்துவிடுவோமோ, நோய் மீண்டும் வருமோ என்று அவருக்கு அச்சம். வெளியே தெரியாத களைப்பு வேறு. அதனைச் சோம்பல் என்று பிறர் எண்ணுவர். “அப்பா, நீங்கள் சும்மா உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்னும் பிள்ளைகளின் அன்பும் ஒரு விலங்கே. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கமோ, கனரக லாரிகள் விரையும் சாலையில் கைத்தடியூன்றி நடப்பது எளிதன்று. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறைப் பயிற்சியை வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்தது. பயிற்றுநர் சென்றபின் மறுநாள் காலையில் அவரை எழுப்புவது எது? பாஸ்டருக்குக் காத்திருந்த பட்டுப்புழுவைப் போல, தம்மாலன்றி நடவாத ஒரு வேலை அவருக்கு வேண்டும்: பேரனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுதல், செடிக்கு நீரூற்றுதல், அன்றாடம் பால் வாங்கிவருதல்.

பிணிதீர்ப்பவர் என்று மக்கள் நம்பும் வைத்திய வீரராகவப் பெருமாள் திருவள்ளூரில் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கிறார். படுத்திருப்பவர் அவர்; சுற்றி நடப்பவர்கள் அடியார்கள். வெயில் ஏறுமுன் அப்பிராகாரத்தில், லாரிக்கு அஞ்சாமல், முதியவர்கள் நடக்கலாம்.