குறைந்தபட்ச ஊதியம் (தமிழ்நாடு)

ஒரு தொழிலில் வேலை செய்பவருக்கு இதற்குக் கீழே கூலி கொடுக்கக் கூடாது என்று அரசு சட்டப்படி விதிக்கும் வரம்பே குறைந்தபட்ச ஊதியம். இந்தியாவில் இதற்கு வழிசெய்தது 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம். ரயில்வே, சுரங்கம், பெரிய துறைமுகங்கள் போன்றவை மத்திய அரசின் பொறுப்பு; மற்ற பெரும்பாலான தொழில்களுக்குக் கூலியை நிர்ணயிப்பது மாநில அரசு. அதனால் ஒரே வேலைக்குத் தமிழ்நாட்டில் ஒரு கூலி, கேரளத்தில் வேறு கூலி.

எவ்வளவு என்பதற்கு 1948 சட்டம் அளவுகோல் எதுவும் தரவில்லை. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு அதை வகுத்தது. ஒருவர் சம்பாத்தியத்தில் மூன்று 'நுகர்வு அலகு' (வளர்ந்த ஓர் ஆணின் நுகர்வு ஓர் அலகு) கொண்ட குடும்பம் வாழவேண்டும்; வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, தலைக்கு ஆண்டுக்கு 18 கஜம் துணி, வீட்டு வாடகை; எரிபொருள், விளக்கு முதலிய செலவுகளுக்கு மொத்த ஊதியத்தில் 20 விழுக்காடு. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், திருவிழா, முதுமை ஆகியவற்றுக்காக மேலும் 25 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ரெப்டாகோஸ் பிரெட் நிறுவனத்தின் சென்னைத் தொழிற்சாலைத் தொழிலாளர் தொடுத்த வழக்கு அது.

முதலாளியால் கொடுக்க முடியுமா என்பது இங்கே கேள்வியே அல்ல. கேரள ஓட்டுத் தொழிற்சாலைகள் பற்றிய 1961ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று, டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டில் இந்த ஊதியத்துக்கு இரண்டு பாகங்கள்: அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும். அகவிலைப்படி, சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டைப் பின்பற்றி ஆண்டுதோறும் ஏப்ரலில் மாறும். அடிப்படை ஊதியத்தை ஐந்து ஆண்டுகளுக்குள் அரசு திருத்த வேண்டும். சட்டம் தளர்ந்துபோவது இந்த இடத்தில்தான். ஆயத்த ஆடைத் தையல் தொழிலுக்கு 2004இல் நிர்ணயித்த ஊதியம் 2014 வரை திருத்தப்படவில்லை. திருத்திய பின்னும் நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணையை ஏற்ற பிறகே நிலுவையைக் கேட்க வழி பிறந்தது. கொடுக்காமல் ஏய்ப்பதைவிடத் திருத்தாமல் இழுத்தடிப்பதே இந்தச் சட்டத்தைப் பெரிதும் செல்லாக்காசாக்கியது எனலாம்.

பழைய 1948ஆம் ஆண்டுச் சட்டம் அட்டவணையில் இடம்பெற்ற தொழில்களுக்கு மட்டுமே பொருந்தியது. மீறியவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது வெறும் 500 ரூபாய் வரை அபராதம் என்றிருந்தது. அதன் இடத்தில் 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. இதில் அட்டவணை கிடையாது. வரம்பு எல்லா வேலைக்கும் உண்டு. மத்திய அரசு ஓர் அடித்தள ஊதியத்தை அறிவிக்கும். எந்த மாநிலமும் அதற்குக் கீழே நிர்ணயிக்க முடியாது.

இந்தத் தொகுப்புச் சட்டப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வரவேண்டும். ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி. வேலையை விட்டாலும் நீக்கப்பட்டாலும் பாக்கியை இரண்டு வேலை நாளில் தீர்க்க வேண்டும். பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கும் குறைந்தபட்ச நேரக் கூலி உறுதி.

குறைத்துக் கொடுத்தால் தொழிலாளியோ அவருடைய சங்கமோ உரிய அதிகாரியிடம் மனுச் செய்யலாம். முன்பு ஆறு மாதமாக இருந்த கெடு இப்போது மூன்று ஆண்டு. பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் கிடைக்கலாம். சம்பளச் சீட்டே இல்லாதவரும் தயங்க வேண்டியதில்லை: கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பை இச்சட்டம் முதலாளி மீதே வைத்திருக்கிறது.