மர்ரோவின் நிகழ்ச்சி ஏன் நின்றது?

திருவல்லிக்கேணி நடைபாதையில் முப்பது ரூபாய்க்கு மாட்டியது அந்தப் புத்தகம். 1952-இல் அமெரிக்காவில் வெளியான ‘திஸ் ஐ பிலீவ்’. ‘நான் நம்புவது இது’ என்று நூறு பேர் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த வெல்லம்போல ஒரே அளவு. அதுதான் முதலில் உறுத்தியது. ஒன்றை உரக்கப் படித்து செல்போனில் நேரம் பார்த்தேன். மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். சிபிஎஸ் வானொலியின் ஐந்து நிமிட நிகழ்ச்சிக்காகக் காதுக்கு எழுதியவை!

1951-இல் தொடங்கிய அந்த நிகழ்ச்சியை அறிமுகப்படுத்திய குரல் எட்வர்ட் ஆர். மர்ரோ. லண்டனில் குண்டு விழுந்த நாட்களை அங்கிருந்தே வர்ணித்தவர். பேச வந்தவர்களுக்கு நிபந்தனை உண்டு: உபதேசம் கூடாது, எதை நம்பவில்லை என்பதை விட்டுவிட்டு, எதை நம்புகிறோம் என்று சொல்ல வேண்டும். ஹெலன் கெல்லர் எழுதினார். 1947-இல் பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனும் எழுதினார். எனக்குப் பிடித்தவர் ராபர்ட் ஹைன்லைன். விண்வெளிக் கதைக்காரர், இங்கே அக்கம்பக்கத்தாரை நம்புகிறேன் என்கிறார்.

மர்ரோவின் ஆவணங்கள் மாசசூசெட்ஸின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இந்த ஒலிப்பதிவுகளும் அங்கேதான், இணையத்திலேயே கேட்கலாம். இரவெல்லாம் கேட்டேன். வரிசை 1955-இல் அறுந்துபோகிறது. ஏன்?

அரசியல் என்றுதான் என் புத்தி ஓடியது. 1954 மார்ச் 9 அன்று மர்ரோ தொலைக்காட்சியில், கம்யூனிஸ்ட் வேட்டை நடத்திய செனட்டர் மெக்கார்த்தியை நேருக்கு நேர் எதிர்த்தார். அதற்குப் பழிவாங்கல் என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்துவிட்டேன். ஆராய்ச்சிக்காரனுக்கு வில்லன் கிடைத்துவிட்டால் வேறு எதுவும் கண்ணில் படாது.

அந்த ஒளிபரப்புக்குப் பிறகும் மாதக்கணக்கில் நிகழ்ச்சி ஓடியதைத் தேதிகளை வரிசைப்படுத்தியபோதுதான் கவனித்தேன். வில்லன் கைநழுவினான். பிறகு, இதை முன்னின்று நடத்திய பிலடெல்பியா விளம்பரக்காரர் வார்ட் வீலாக்கைத் தேடினேன். ஆவணப்பெட்டியில் இல்லை, கப்பல் விபத்துச் செய்திகளில் இருந்தார். 1955 ஜனவரியில் பெர்முடாவிலிருந்து பாய்மரப் படகில் புறப்பட்டவர், கரை சேரவே இல்லை. அந்த ஆண்டே நிகழ்ச்சியும் நின்றது. இழுத்துக்கொண்டு போன ஆள் போனதும் தேர் நடுத்தெருவிலேயே நின்றுவிட்டது என்பது என் கணிப்பு.

2005-இல் இதே நிகழ்ச்சி என்பிஆர் வானொலியில் மறுபடி வந்தது. அதற்கு வித்திட்டவர்களில் ஒருவரான டான் கெடிமனின் கையில் முதலில் அகப்பட்டதும் ஒரு பழைய புத்தகம்தான்; காய்ச்சலில் வீட்டில் கிடந்தபோது.

குறிப்பேட்டில் மெக்கார்த்தியின் பெயரை அடித்துவிட்டேன். பக்கத்தில் ‘படகு’ என்று எழுதியிருக்கிறேன்.