பாசறையில் சுட்ட ரொட்டி

வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருவன அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே. போருக்குப் போன வீரன் அன்று மாலை என்ன உண்டான், அதனை எந்த அடுப்பில் சமைத்தான் என்று கேட்பவர் மிகச் சிலர். ஆயினும் பசித்த வயிற்றோடு எந்தப் படையும் நெடுந்தொலைவு நடந்ததில்லை. ஆகவே, மாணவ நண்பர்களே, வீட்டையும் ஊரையும் விட்டு வெளியே சென்ற மக்கள் வெட்டவெளியில் ரொட்டி சுட்ட வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல எடுத்துக்கொண்டேன்.

சோறாக்குவதும் ரொட்டி சுடுவதும் ஒரே தன்மையான வேலைகள் அல்ல. மூன்று கல், ஒரு பானை, கையளவு சுள்ளி இருந்தால் எந்த மரத்தடியிலும் சோறாக்கிவிடலாம். பானையிலுள்ள நீரே சூட்டை ஏந்திச் சென்று ஒவ்வோர் அரிசியையும் சூழ்ந்து நின்று வேகவைக்கிறது. சப்பாத்தியைப் போல மெல்லியதாயின் கல்லில் திருப்பிப் போட்டுச் சுட்டுக்கொள்ளலாம். ஆனால் புளித்து உப்பிய தடித்த ரொட்டிக்கு இவ்வழிகள் உதவா. அடியில் மட்டும் நெருப்பிருந்தால் அடி கருகும். மேற்பகுதி பச்சையாகவே நிற்கும். கீழும் மேலும் பக்கங்களிலும் சூடு சூழ்ந்து நிற்க வேண்டும். அதற்காகவே செங்கல்லாலும் களிமண்ணாலும் கூண்டு போன்ற அடுப்புகளைக் கட்டினர். கட்டிய அடுப்போ ஓரிடத்தில் நிற்பது. பயணம் செய்பவனோ ஓரிடத்தில் நில்லாதவன். இந்த இடர்ப்பாட்டை மனிதன் எவ்வாறு தீர்த்துக்கொண்டான் என்பதே நம் கதை.

செல்லும் இடந்தோறும் அடுப்பைப் புதிதாக அமைத்துக்கொள்வது ஒரு வழி. ரோமானியர் இதனைக் கையாண்டனர். ரோமானியப் படைவீரனுக்குப் பங்காகக் கிடைத்தது பெரும்பாலும் கோதுமை மணியே. ஒரு கூடாரத்தில் எண்மர் தங்குவர். தங்கள் கோதுமையைக் கல் திருகையில் தாங்களே அரைத்து, தாங்களே ரொட்டி சுடுவர். ஸ்காட்லாந்தில் கின்டோர் என்னுமிடத்தில் அகழ்ந்தபோது, ரோமானியப் படை சிறிது காலமே தங்கிச் சென்ற பாசறையில் நூற்றுக்கும் மேற்பட்ட ரொட்டி அடுப்புகளின் குழிகள் வெளிப்பட்டன. சில நாள் தங்கலுக்கு இத்தனை அடுப்புகளா என்று வியக்கிறோம். அப்படையின் ஒழுங்கு வாளில் மட்டுமா இருந்தது? அடுப்பிலும் இருந்தது.

அடுப்பையே தூக்கிச் செல்லும்படி செய்துவிடுவது மற்றொரு வழி. இதற்குத் துணைசெய்தது வார்ப்பிரும்பு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் பித்தளைத் தொழில் நடத்திய ஆபிரகாம் டார்பி, விலை மிகுந்த பித்தளைக்கு மாற்றாக இரும்பில் சமையற் பானைகளை வார்க்க விரும்பினார். முதல் முயற்சிகள் பலிக்கவில்லை. ஜான் தாமஸ் என்னும் இளம் பணியாளர் துணைநிற்க, மணல் அச்சில் இரும்பைச் சீராக வார்க்கும் முறை கைகூடியது. 1707-ஆம் ஆண்டில் டார்பி அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் கோல்புரூக்டேல் என்னும் ஊருக்குச் சென்று, 1709-இல் மரக்கரிக்கு மாற்றாகக் கல்கரியைக் கொண்டு இரும்பை உருக்கிக் காட்டினார். தொழிற்புரட்சியின் தொடக்கங்களுள் ஒன்றாக அறிஞர் இதனைப் போற்றுவர். 1779-இல் அவ்வூர் இரும்புத் தொழிற்சாலை வார்த்த உறுப்புகளால் செவர்ன் ஆற்றின்மேல் புகழ்பெற்ற இரும்புப் பாலம் எழுந்தது. அந்தப் பெரும் தொழிலின் தொடக்கத்தில் இருந்தது ஒரு சமையற் பானை என்பதை நீங்கள் மறத்தலாகாது.

இவ்வகை வார்ப்பிரும்புப் பானை அமெரிக்கக் குடியேற்றங்களில் மேலும் திருத்தம் பெற்றது. அடியில் மூன்று குட்டைக் கால்கள். கீழே தணல் பரப்ப அவை இடம் தந்தன. மேலே தட்டையான மூடி. அதன் விளிம்பு சற்றே உயர்ந்திருந்ததால், மூடிமேல் வைத்த தணல் சரிந்து விழாது. இதற்கு ‘டச்சு அடுப்பு’ என்று பெயர். கீழே ஒரு பங்கு தணல், மூடிமேல் இரண்டு பங்கு தணல் என்பது ரொட்டி சுடுவோர் கணக்கு. சூடு மேல்நோக்கி எழுவது. ஆதலின் கீழேயுள்ள சிறிதளவு தணலே அடியை வேகவைக்கும், மேற்புறத்துக்கே மிகுதி வேண்டும். தடித்த இரும்பு சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வெளிவிடும். செங்கல் அடுப்பு செய்த வேலையை ஒரு பானை செய்தது.

இத்தகைய ஏற்பாடு இல்லாதபோது நேர்வது என்ன என்பதைக் கிரிமியப் போர் காட்டிற்று. 1854-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் செவஸ்டோபோல் நகரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலப் படைவீரர்களுக்கு உப்பிட்ட இறைச்சியும் கல்போன்ற பிஸ்கட்டும் கிடைத்தன. காப்பிக் கொட்டையை வறுக்காமல் பச்சையாகவே கொடுத்தனர், வறுக்கவோ விறகில்லை. பகைவர் குண்டுகளால் மாண்டவரினும் நோயால் மாண்டவரே பன்மடங்கு மிகுதி. இலண்டனில் பெருஞ்செல்வர் மன்றமொன்றில் சமையல் தலைவராக இருந்து புகழ்பெற்ற அலெக்சி சுவாயே என்னும் பிரெஞ்சுக்காரர் இச்செய்தியைப் படித்து மனம் நொந்தார். தம் செலவிலேயே செல்வதாக முன்வந்து, 1855-இல் அங்குச் சென்றார். மழையிலும் காற்றிலும் அணையாது, சிறிதளவு விறகே கொள்ளும் பீப்பாய் வடிவான அடுப்பொன்றை அமைத்தார். அதன் நெருப்பு உள்ளே அடங்கியிருந்ததால் பகைவர் கண்ணுக்கும் புலப்படவில்லை. அவ்வமைப்பைத் தழுவிய அடுப்புகளை ஆங்கிலப் படையினர் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை கையாண்டனர். அதே போரில், மாவு அரைக்க ஒரு கப்பலும் ரொட்டி சுட மற்றொரு கப்பலுமாக இரண்டு கப்பல்கள் பாலக்லாவா துறைமுகத்துக்குச் சென்றன. அந்த வீரர்களிடம் இல்லாமற்போனது வீரமா? அன்று. அடுப்பும் விறகும் அவற்றைப் பற்றிச் சிந்திக்கும் தலைவர்களுமே இல்லாமற்போயினர்.

இதற்கு நேர்மாறான காட்சியொன்றை அமெரிக்காவில் காணலாம். 1866-இல் சார்லஸ் குட்நைட் என்பவர் டெக்சாஸிலிருந்து மாட்டு மந்தைகளை நெடுந்தொலைவு ஓட்டிச் செல்லத் திட்டமிட்டார். மாடு மேய்ப்போர் பல வாரங்கள் வெட்டவெளியில் வாழ வேண்டும். அவர் முதலில் எண்ணியது அவர்களுடைய உணவைப் பற்றியே. பழைய படைவண்டி ஒன்றை வாங்கி, அதன் பின்புறத்தில் பல அறைகள் கொண்ட பெட்டியைப் பொருத்தினார். அதன் கதவைக் கீழே இறக்கினால் அதுவே சமையல் மேசையாகும். டச்சு அடுப்புகளும் புளித்த மாவு வைத்த சிறு பீப்பாயும் அவ்வகை வண்டிகளில் உடன்சென்றன. இட்லிக்கு மாவு புளிப்பதை அறிந்த நமக்கு அந்த மாவின் அருமை எளிதிற் புரியும். குளிரில் அது உறங்கிவிடக் கூடாதென்று சமையற்காரர் தம் கம்பளிக்குள் அணைத்துக்கொண்டு படுப்பதும் உண்டு. 1897, 1898-ஆம் ஆண்டுகளில் குளோண்டைக் பகுதிக்குப் பொன் தேடிப் போனவர்களும் அவ்வாறே செய்தனர். அங்குக் குளிர்காலத்தைக் கடந்து நின்ற பழந்தொழிலாளர்க்கு ‘புளித்த மாவு’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லே பட்டப்பெயராயிற்று.

போர்வீரனுக்கும் மேய்ப்பனுக்கும் உரியதாயிருந்த இக்கலை மாணவர் கைக்கு வந்தது சாரணர் இயக்கத்தின் வழியாகும். 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பேடன் பவல் பிரவுன்சீ தீவில் சிறுவர்களைக் கொண்டு முதற் பாசறை நடத்தினார். மறு ஆண்டு அவர் வெளியிட்ட நூலில், பாத்திரமில்லாதவன் தன் மேற்சட்டையை விரித்து அதன்மேல் மாவு பிசையலாம் என்று கூறி, ரொட்டி சுடும் வழிகளையும் கற்பித்தார்.

நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில் சாரண மாணவர்களை மலையடிவாரத்துப் பாசறைக்கு அழைத்துச் சென்றதுண்டு. ஒருமுறை அவர்கள் பீட்சா சுட்டே தீர்வதென்று உறுதிகொண்டனர். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் அதனைச் சுடும் அடுப்பின் சூடு 400 பாகை செல்சியசுக்கும் மேற்பட்டது. ஒன்றரை நிமிடத்துக்குள் பீட்சா வெந்துவிடும். அக்கைத்திறனை யுனெஸ்கோ 2017-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. எங்கள் மாணவர்களிடம் இருந்ததோ ஓர் இரும்புச் சட்டியும் மூடியும் விறகுமே. முதலாவது பீட்சாவின் அடி கரியாயிற்று. மேலே தூவிய பாலாடைக்கட்டி உருகவேயில்லை. எல்லாரும் வாடிநிற்க, ஒரு மாணவன் சொன்னான்: “ஐயா, எங்கள் அப்பா பிரியாணிக்குத் தம் போடும்போது மூடியின்மேல் தணலைக் கொட்டுவார். அப்படிச் செய்து பார்க்கலாமா?” அவ்வாறே செய்தனர். அடியில் தணலைக் குறைத்து, மூடிமேல் மிகுத்து வைத்தனர். கால் மணி நேரத்தில் இரண்டாவது பீட்சா பொன்னிறமாக எழுந்தது. டார்பியின் பெயரையோ குட்நைட்டின் பெயரையோ அம்மாணவன் கேட்டதில்லை. ஆயினும் அவர்கள் நாட்டார் பானைமூடியின் விளிம்பை உயர்த்திக் கண்ட அதே உண்மையைத் தன் வீட்டு அடுப்பங்கரையில் கற்றிருந்தான். அன்றிரவு தணலைச் சுற்றி அமர்ந்து, இன்று உங்களுக்குச் சொன்ன வரலாற்றை அவர்களுக்குச் சொன்னேன். பின்னர் அந்தத் தணலின்மேல் நீரூற்றிக் கிளறி, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்தது தெரிந்த பின்னரே உறங்கச் சென்றோம். காட்டோரத்தில் நெருப்பு மூட்டுகிறவன் முடிக்க வேண்டிய கடைசி வேலை அதுவேயாகும்.

மாணவ நண்பர்களே, நீங்கள் வரலாற்று நூலைப் படிக்கும்போது படையின் எண்ணிக்கையையும் தளபதியின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்; தவறில்லை. அதனோடு, அந்தப் படைக்கு ரொட்டி சுட்டவர் யார், விறகு எங்கிருந்து வந்தது என்றும் கேட்டுப் பழகுங்கள். கின்டோரில் அடுப்பு வெட்டியவர்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. மந்தைகளின் பின்னே விடியுமுன் எழுந்து தணல் மூட்டியவர்களின் பெயரும் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. அவர்கள் மூட்டிய நெருப்பினால்தான் மற்றவர் நடந்தனர், வென்றனர், ஊர் திரும்பினர். அடுத்த முறை நீங்கள் பாசறைக்குச் செல்லும்போது, சமையற் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.