ஹெட் கேஸ்கெட் பழுது: ரோவர் கே-சீரிஸ் இன்ஜின்

ரோவர் 200 போன்ற பழைய சிறு கார்களில் வந்த கே-சீரிஸ் இன்ஜின் (1988) ஹெட் கேஸ்கெட் பழுதுக்கே பெயர்போனது. பழியைக் கேஸ்கெட்டின்மீது மட்டும் போடுவது தவறு. இந்த இன்ஜினில் கூலன்ட்டின் கொள்ளளவு குறைவு. சிறு கசிவிலேயே அலுமினிய ஹெட் சூடேறி வளைந்துவிடும். சிலிண்டர் லைனர்கள் இறங்கியிருந்தால் கேஸ்கெட்டின் பிடியும் தளரும். பிறகுதான் கூலன்ட் ஆயிலில் கலந்து, ஆயில் மூடியின் அடியில் வெண்பசை படிகிறது. குளிர்காலக் குறும்பயணங்களிலும் அது படியும் என்பதால், அதை மட்டும் வைத்துக் கேஸ்கெட் பழுது என்று முடிவுகட்டக் கூடாது.

கேஸ்கெட்டே பலவீனமானதுதானே என்பார்கள். அதில் உண்மை உண்டு: பிற்பாடு பல அடுக்கு எஃகுக் கேஸ்கெட் வந்தது, ஹெட்டை நிலைநிறுத்தும் பிளாஸ்டிக் முளைகளும் எஃகாயின. ஆயினும் கசிவை அடைக்காமல், லைனர் உயரத்தையும் ஹெட்டின் சமதளத்தையும் அளக்காமல் மாட்டினால் புதுக் கேஸ்கெட்டும் போய்விடும்.