தானே தீப்பற்றும் பொருள்

எரிவதற்கு ஒரு பொருள், எரியத் துணைபுரியும் பிராணவாயு, தொடங்கி வைக்கும் வெப்பம் ஆகிய மூன்றும் கூடினால்தான் தீ உண்டாகும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அந்த வெப்பத்தை நாம் ஊட்ட வேண்டாத பொருள்களும் உலகில் உண்டு. காற்றுப் பட்ட அளவிலேயே அவை தாமாக எரியத் தொடங்கும். அவற்றுள் புகழ்பெற்றது வெண் பாஸ்வரம். அதன் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1669-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்னும் இரசவாதி பொன் செய்யும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார். ஏராளமான சிறுநீரைச் சேர்த்துச் சுண்டக் காய்ச்சி, எஞ்சிய கசட்டைக் கடுமையாகச் சூடேற்றினார். பொன் வரவில்லை, இருளில் ஒளிவிடும் மெழுகு போன்றதொரு பொருள் வந்தது. 'ஒளி ஏந்தி' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயராயிற்று.

அது ஏன் தானே எரிகிறது? வெண் பாஸ்வரத்தின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அணுக்கள் நெருக்கிப் பிணைக்கப்பட்டிருக்கின்றன. வளைத்துக் கட்டிய மூங்கில் போல அப்பிணைப்பு எந்நேரமும் விடுபடத் துடிக்கிறது. பிராணவாயு அருகில் வந்ததும் மெல்ல வினை நிகழ்ந்து வெப்பம் பிறக்கிறது; அவ்வெப்பம் வினையை மேலும் விரைவுபடுத்துகிறது. ஏறத்தாழ 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திலேயே தீப்பற்றிவிடும். நம் நாட்டுக் கோடைக்கு அதுவே போதும்! ஆகவேதான் அதனை நீருக்குள் வைத்துக் காக்கின்றனர்.

இத்தகைய பொருளை 1830-ஐ ஒட்டித் தீக்குச்சியின் தலையில் வைத்தனர். சுவரிலோ செருப்பிலோ உரசினாலும் பற்றும் குச்சி மக்களுக்குப் பெரும் வசதியாக இருந்தது. ஆனால் அதைச் செய்தவர்கள் அதன் நச்சு ஆவியை நாள்தோறும் சுவாசித்தனர். முதலில் பல்வலி, பிறகு ஈறு வீங்கும், இறுதியில் தாடை எலும்பே அழுகும். 1845-இல் வியன்னா மருத்துவர் லோரின்சர் இந்நோயை விவரித்து எழுதினார்.

அதே 1840-களில், அதே வியன்னாவில், ஆன்டன் ஷ்ரோட்டர் என்னும் வேதியியலார் வெண் பாஸ்வரத்தைக் காற்றுப் படாமல் சூடேற்றிச் செம்பாஸ்வரமாக மாற்றும் முறையைக் கண்டார். தனிமம் ஒன்றே, அணுக்களின் அமைப்பு மட்டுமே வேறு. இது தானே எரிவதில்லை. வெண் பாஸ்வரத்தைப் போன்ற நஞ்சும் அன்று. 1855-இல் ஸ்வீடனின் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் செம்பாஸ்வரத்தைப் பெட்டியின் பக்கத்தில் பூசிக் காப்புத் தீக்குச்சியைச் சந்தைக்குக் கொணர்ந்தனர். உரசும் நொடியில் ஒரு துகள் வெண் பாஸ்வரமாக மாறிப் பற்றுகிறது. ஆபத்து அந்த ஒரு நொடியோடு முடிகிறது.

நோயும் தெரிந்தது, மாற்றும் கிடைத்தது. ஆயினும் பழைய குச்சி மலிவாக இருந்தது. ஆலைகள் அதைக் கைவிடவில்லை. 1888 ஜூன் மாதத்தில், இலண்டனில் இருந்த பிரையண்ட்-மே ஆலைப் பெண்களின் குறைந்த கூலியையும் அவர்கள்மீது விதிக்கப்பட்ட அபராதங்களையும் கண்டித்து அன்னி பெசண்ட் அம்மையார் எழுதினார். பிற்காலத்தில் நம் அடையாற்றில் வாழ்ந்த அதே அம்மையார்தாம். ஜூலையில் சுமார் 1,400 பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தம் செய்தனர். அபராதம் நீங்கியது, நஞ்சு படிந்த வேலைக்கூடத்திலேயே உண்ணாதபடி உணவுக்குத் தனியறையும் கிடைத்தது. ஆனால் அந்த ஆலையை விட்டு வெண் பாஸ்வரம் வெளியேறியது 1901-இல்தான்.

1906-இல் ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் சில வெண் பாஸ்வரத் தீக்குச்சியை விலக்க உடன்பட்டன. இந்தியாவில் 1913-இல் தடைச்சட்டம் பிறந்தது. ஆகவே, 1920-களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியபோது இந்த ஒரு நஞ்சு நம் தொழிலாளரை அணுகவில்லை.

நோயை அறிந்த 1845-க்கும், நாடுகள் கூடி உடன்பட்ட 1906-க்கும் இடையே 61 ஆண்டுகள் கழிந்தன. மாணவர்களே, இவ்வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது இந்த இடைவெளிதான். விஞ்ஞானம் தன் கடமையைச் செய்துவிட்டது. எஞ்சிய கடமை மனிதருடையது. ஒரு பொருளின் குணத்தைக் கற்கும்போது, அதைக் கையாளும் கைகள் யாருடையவை என்பதையும் கேட்டுப் பழகுங்கள். அக்கேள்வியை உரிய காலத்தில் கேட்டிருந்தால், எத்தனையோ முகங்கள் சிதையாமல் இருந்திருக்கும்.